கொம்புச்சாமி எடுத்த சதை

மூக்கண்டப்பள்ளியின் பின்தெருவில் ஒரு தகரக் கொட்டகை. போன வருடம்வரை அங்கே லாரி டயருக்குக் காற்றடித்தார்கள். பிறகு மனிதர்களின் கண்ணிலிருந்து சதையை உறிஞ்சி எடுத்தார்கள். காற்றை வைத்துப் பிழைப்பது மட்டும் மாறவில்லை.

கூட்டத்தைச் சொல்லி முடியாது. ஓசூர் பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோக்காரர்கள் "கண்ணு கோயில்! கண்ணு கோயில்!" என்று கூவினார்கள். அங்கே கோயில் எதுவும் இல்லை. ஆனால் கோயில் என்று சொல்லிவிட்டால் வருகிறவன் செருப்பையும் சந்தேகத்தையும் வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவான். உத்தனப்பள்ளியிலிருந்து தக்காளி விவசாயிகள் வந்தார்கள். அத்திப்பள்ளியிலிருந்து, ஆனேக்கல்லிலிருந்து கர்நாடக எல்லை தாண்டி வந்தார்கள். கல் குவாரித் தூசியில் நிற்பவர்கள், வெல்டிங் அடிப்பவர்கள், வெயிலில் லாரிக்குச் சரக்கு ஏற்றுபவர்கள் வந்தார்கள். வெயிலும் தூசியும் காற்றும் வருடக்கணக்கில் அறைந்த கண்ணில், மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி ஒரு சதை முக்கோணமாக வளர்ந்து ஏறும். அந்தச் சதைக்கு ஓசூரில் பஞ்சமே இல்லை.

கொட்டகை வாசலில் மூன்று மொழியில் ஒரு ஃபிளெக்ஸ். "கத்தி இல்லை! ரத்தம் இல்லை! லீவு இல்லை!" முதல் இரண்டையும் எந்த ஊர்ப் போலியும் சொல்வான். மூன்றாவதைச் சொல்ல, லீவு போட்டால் கூலி போகிற கம்பெனி ஊர் ஓசூரைக் கரைத்துக் குடித்த ஆள் வேண்டும்.

அந்த ஆளின் பெயர் வெள்ளைச்சாமி. ஊர் வைத்த பெயர் கொம்புச்சாமி. சொந்த ஊர் எது என்று தமிழில் கேட்டால் கோலார் பக்கம் என்பார். கன்னடத்தில் கேட்டால் சேலம் பக்கம். தெலுங்கில் கேட்டால் இமயமலை. கையில் ஒரு சாண் நீள மாட்டுக் கொம்பு, இரு முனையும் திறந்தது, நடுவில் பித்தளைப் பூண். வாயில் எந்நேரமும் வெற்றிலை. கன்னம் ஒரு பக்கம் உப்பியே இருக்கும். அது தேஜஸ் என்று பக்தர்கள் சொன்னார்கள்.

டோக்கனும் ஷிப்ட் பார்த்துத்தான். காலை வேலையான ஏ ஷிப்ட்காரர்களுக்கு மாலையில் மஞ்சள் சீட்டு, பி ஷிப்ட்காரர்களுக்குக் காலையில் பச்சைச் சீட்டு. கம்பெனி பஸ் நேரம் தெரிந்த ஒரே தெய்வம் அதுதான்.

ஆளைப் பலகையில் உட்கார வைப்பார். "ஏனூ ஆகல்லா, கூத்கோ" என்பார் கன்னடக்காரரிடம். "ஏமீ காது, கூர்ச்சோ" என்பார் தெலுங்குக்காரரிடம். "ஒண்ணும் ஆவாது, உக்காரு" என்பார் தமிழரிடம். மூன்று மொழியிலும் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். பிறகு கொம்பின் அகன்ற வாயைக் கண்மேல் கவிழ்ப்பார். மறுமுனையில் வாயை வைத்து 'உஸ்ஸ்' என்று இழுப்பார். கழுத்து நரம்பு புடைக்கும். பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டு. அதில் 'தூ' என்று துப்புவார். சிவப்பாக, நகக்கண் அளவுக்கு ஒரு சதைத் துண்டு மிதக்கும். கூட்டம் மூச்சை உள்ளிழுக்கும்.

கடைசியில் கண்ணில் இரண்டு சொட்டு பச்சை மருந்து. மூலிகைச் சாறாம். மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத சொட்டு மருந்தில் கொஞ்சம் பச்சைச் சாயம் கலந்தாலும் அதே நிறம்தான் வரும். சிவப்பு வடியும், உறுத்தல் அடங்கும். சதை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை யாரும் பார்த்துவிடாதபடி சாமி முன்கூட்டியே சட்டம் போட்டிருந்தார்: நாற்பத்தெட்டு நாளைக்குக் கண்ணாடி பார்க்கக் கூடாது, டாக்டர் வாசலை மிதிக்கக் கூடாது.

நோயாளி பார்க்காமல் இருந்தால்தான் குணமாகும் வைத்தியம். அதுவும் கண் வைத்தியம்.

இந்தக் கூட்டத்தில் முனிவேலும் இருந்தான். நாட்றாம்பாளையத்துக்காரன். முப்பத்தெட்டு வயது. இருபது வயதுவரை மலையோரத்துக் கேழ்வரகுக் காட்டு வெயில், அதன் பிறகு உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் திறந்த யார்டில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி. பதினெட்டு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அவன் வலது கண்ணில் சதை கருவிழிமேல் ஏறிவிட்டிருந்தது. கம்பெனியின் வருடாந்திரக் கண் பரிசோதனையில் சொன்னார்கள்: "கண்ணுப் பாப்பாவைத் தொட இன்னும் ஒரு எள்ளு எடம்தான் பாக்கி. அதுக்குள்ள எடுத்துடணும். மறைச்சுட்டா பார்வை போச்சு." அறுவை செய்து சான்றிதழ் கொண்டுவராவிட்டால் அடுத்த மாதம் முதல் வண்டியைத் தொட முடியாது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குள் வர வேண்டும்.

முனிவேல் லீவு கேட்க கான்ட்ராக்டர் விஜயகுமாரிடம் போனான்.

"ஆபரேஷனா? எத்தன நாளு?"

"மூணு வாரம் தூசில, வெயில்ல நிக்கக் கூடாதுன்றாங்க சார்."

"மூணு வாரமா! வண்டிய யாரு ஓட்டுவா, உங்கூரு முனியப்பனா எறங்கி வந்து ஓட்டுவாரு? அட, கொம்புச்சாமிகிட்ட போப்பா. எம் பேரச் சொல்லு, முன் டோக்கன் கெடைக்கும். மூணே தடவ. ஷிப்டுக்கு முன்னாடி போனா ஷிப்டுக்கு வந்துரலாம்."

விஜயகுமாருக்குச் சாமியிடம் நம்பிக்கை இருந்ததா, தெரியாது. மூன்று வார லீவில் நம்பிக்கை இல்லை, அது தெரியும். பாதிப் பக்தி இப்படித்தான் பிறக்கிறது.

முனிவேல் இரண்டு முறை போய் உட்கார்ந்து எழுந்து வந்தான். ஒவ்வொரு முறையும் ஆயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய். மூன்றாவது முறைக்குச் சாமி குறித்துக் கொடுத்த நாள்: வியாழக்கிழமை.

அவன் மனைவி மாதேஸ்வரி ரோஜாப் பண்ணையில் பூவைத் தரம் பிரிப்பவள். காம்பு அரை விரல் குறைந்தாலும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க. இது மொத தடவைக்கு முன்ன எடுத்தது. இது நேத்து எடுத்தது. எங்க கொறஞ்சிருக்கு?"

"கண்ணாடி பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"இது கண்ணாடி இல்ல, போட்டோ. பாருங்க."

அவன் பார்க்கவில்லை. "வேர எடுத்துட்டாரு. மேல இருக்கறது சக்கை. தானா உதிரும்."

"மொத தடவ தட்டுல துப்புனது?"

"வேரு."

"ரெண்டாவது தடவ?"

"அதுவும் வேருதான்."

"கண்ணுல சதை வளந்துச்சா, இல்ல ஆலமரம் வளந்துச்சா?"

முனிவேல் சுவரில் மாட்டியிருந்த சீருடைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்குள் ஒரு கத்தி இருந்தது, கண்ணுக்கு நேரே. அதற்குப் பின்னால் மூன்று வாரக் கூலி இருந்தது. அதற்கும் பின்னால், அவன் திரும்பி வருவதற்குள் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடும் வேறொருவன் இருந்தான். இத்தனை பயத்தை ஒருவன் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பான்? இறக்கி வைக்கச் சொல்லி ஒரு பலகை போட்டுவைத்திருந்தார் வெள்ளைச்சாமி. வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதைப் பக்தி என்றார்கள்.

மாதேஸ்வரி தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

அக்கா ஜோதியம்மாள் வேறொரு கம்பெனியில் ஸ்டோர் கவுன்டரில் இருக்கிறாள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. கண்ணாடி வாங்காமல் எவனும் அவளைத் தாண்டி மெஷினுக்குப் போய்விட முடியாது. "தம்பி, உனக்கு உசுரு வேணா பெருசு இல்லாம இருக்கலாம். என் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ச் சாவு" என்பாள். புதன்கிழமை மாலை வந்து உட்கார்ந்தாள்.

"முனிவேலு, நான் சாமிய ஒண்ணும் சொல்லல. நாளைக்கு எட்டு மணிக்குச் சாமி. பன்னெண்டுக்கு ஆஸ்பத்திரி. ரெண்டுக்கும் நேரம் இருக்குது. சாமி சதைய எடுத்துட்டாருன்னா கிருஷ்ணகிரி வேணாம், நானே சொல்றேன். நானும் வர்றேன். எனக்கும் கண்ணு உறுத்துது."

"எந்தக் கண்ணுக்கா?"

"அத சாமி கண்டுபுடிக்கட்டும்" என்றாள் ஜோதியம்மாள்.

வியாழக்கிழமை காலை முனிவேலும் மாதேஸ்வரியும் ஜோதியம்மாளும் போனபோது கொட்டகையில் நிற்க இடமில்லை. விஜயகுமாரும் வந்திருந்தார், கண் உறுத்துகிறது என்று லீவு கேட்ட இன்னும் இரண்டு பேரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். முன்வரிசையில் உத்தனப்பள்ளி ஆஞ்சப்பன், தக்காளியும் ஆடும் வைத்திருக்கிற பெரியவர், மூன்றாவது முறையாக உட்கார்ந்து எழுந்த களிப்பில் எல்லோருக்கும் உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

"டாக்டரு கத்திய வெச்சா கண்ணு போயிரும்யா. இங்க பாரு, எனக்கு எப்பிடி இருக்குது!"

"நல்லாத் தெரியுதுங்களா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"தெரியறதுக்கு இன்னும் நாப்பது நாளு இருக்குதுப்பா!"

முனிவேலின் முறை வந்தது. ஜோதியம்மாள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தான் போய்ப் பலகையில் அமர்ந்தாள்.

"சாமி, இந்தக் கண்ணு" என்று இடது கண்ணைக் காட்டினாள்.

அந்தக் கொட்டகையில் அவளையும் மாதேஸ்வரியையும் முனிவேலையும் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அந்தக் கண்ணைப் பற்றி உண்டு. வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், சாமியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பதினோரு வருடத்துக்கு முன், பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்க ஆளில்லாத ஒரு பட்டறையில் கிரைண்டிங் சக்கரம் உடைந்து தெறித்து ஜோதியம்மாளின் இடது கண் போய்விட்டது. இப்போது அங்கே இருப்பது பிளாஸ்டிக். சிப்பி மாதிரி ஒரு சில்லு. கருவிழி, வெள்ளை, மெல்லிய சிவப்பு நரம்புகூட வரைந்து செய்தது. வரைந்தவர் கெட்டிக்காரர். ஆனால் அவரும் சதை வரையவில்லை.

சாமி இமையை விரித்தார். உற்றுப் பார்த்தார். உற்றுப் பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"மேல பாரு. கீழ பாரு. அடடா... கண்ணே அசைய மாட்டேங்குது பாரு! வேர் ஆழமா எறங்கியிருக்குது."

கூட்டம் 'த்சொ' கொட்டியது.

"டாக்டர் யாராச்சும் தொட்டாங்களா?"

"தொட்டாங்க சாமி. பதினோரு வருசம் ஆச்சு."

"அதானே பாத்தேன்! கத்தி பட்டா வேர் உள்ள போயிரும். ஒண்ணும் ஆவாது, உக்காரு."

கொம்பைக் கவிழ்த்தார். 'உஸ்ஸ்' என்று இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றை இங்கே யோசிக்க வேண்டும். அந்தச் செயற்கைக் கண் இமைக்குள் சும்மா பொருந்தி உட்கார்ந்திருப்பது. ஒட்டியோ தைத்தோ வைத்ததல்ல. சாமி உண்மையாகவே உறிஞ்சியிருந்தால் கொம்புக்குள் சதை வந்திருக்காது, கண்ணே வந்திருக்கும். அது இம்மியும் நகரவில்லை. அத்தனை நரம்பும் வெறும் நடிப்புக்குப் புடைத்தது.

'தூ.'

தட்டில் அன்றைக்கு வந்ததிலேயே பெரிய துண்டு விழுந்தது. ஆழமான வேர் அல்லவா.

"பாத்தியா!" ஆஞ்சப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா!"

பச்சைப் புட்டியோடு வந்த சாமியின் கையை ஜோதியம்மாள் மெதுவாகத் தள்ளினாள்.

"எல்லாம் வந்துருச்சுங்களா சாமி?"

"சுத்தமா."

"இந்தக் கண்ணுலேர்ந்துதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அப்பறம் மாத்திச் சொல்லக் கூடாது."

"என்னம்மா கேக்குற? இத்தன ஜனம் பாத்துட்டு இருக்குது! இதே கண்ணுதான்."

ஜோதியம்மாள் கீழ் இமையை விரலால் இழுத்தாள். உள்ளங்கையை ஏந்தினாள். கண் நழுவி வந்து கையில் விழுந்தது. அதை எடுத்து எவர்சில்வர் தட்டில், சாமி துப்பிய சதைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

'டக்.'

மஞ்சள் தண்ணீருக்குள்ளிருந்து அது சாமியைப் பார்த்தது. இமைக்கவில்லை.

வெயிலில் தகரம் மட்டும் எங்கோ ஒருமுறை நெளிந்து சத்தம் போட்டது. ஒரு கூட்டம் முதல்முறையாக யோசிக்க ஆரம்பிக்கும்போது இப்படித்தான் இருக்கும் போல. பழக்கமில்லாத வேலை, நேரம் பிடிக்கிறது.

"பிளாஸ்டிக்கு சாமி" என்றாள் ஜோதியம்மாள். "நாலு மாசத்துக்கு ஒருக்கா பாலிஷ் போட்டு மாட்டுவேன். இதுல எப்படிங்க சதை வளந்துச்சு? வேர் வேற ஆழம்னீங்க. எந்தப் பக்கம் வேர்? திருப்பிக் காட்டட்டுமா?"

சாமியின் வெற்றிலை நின்றுவிட்டது. ஆனால் பக்தனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சாமி விழுந்த இடத்தில் தாங்கிப் பிடிக்க அவன் இருப்பான்.

"அட, பிளாஸ்டிக்குலயே சதைய வர வெச்சு எடுத்திருக்காருன்னா எவ்வளவு சக்தி இருக்கணும்!" என்றார் ஆஞ்சப்பன், கண்கலங்க.

நாலைந்து தலைகள் ஆடவே ஆடின.

"அப்படிங்களா பெரியப்பா? அவ்வளவு சக்தி இருந்தா சதை எதுக்கு, கண்ணையே வளர வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க. பதினோரு வருசமா ஒத்தக் கண்ணுல ஊசி கோத்துட்டு இருக்கேன்."

ஆஞ்சப்பன் சாமியைத் திரும்பிப் பார்த்தார். சாமி "சோதிக்க வந்தவங்க இருக்கற எடத்துல கொம்பு நிக்காது" என்று எழுந்தார். மாதேஸ்வரி முன்னே போய்த் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"கொம்ப விடுங்க சாமி. வாயக் கொப்பளிங்க."

"நான் விரதம்."

"வெத்தல போட்டுட்டா விரதம்? கொப்பளிச்சுட்டு, எங்க வீட்டுக்காரருக்கு எடுங்க. வெறும் வாயில எடுங்க. எடுத்தீங்கன்னா நான் உங்க கால்ல விழறேன்."

இவ்வளவுதான் சோதனை. ஒரு சொம்புத் தண்ணீர். இத்தனை மாதமாக இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றாத ஒரு சொம்புத் தண்ணீர்.

சாமி வாசலைப் பார்த்தார். வாசலில் பச்சைச் சீட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். "கொப்பளி சாமி" என்றது ஒரு குரல். "முக்களிசி தோர்சு சாமி" என்றது கன்னடத்தில் இன்னொன்று. தெலுங்கிலும் ஒருவர் அதையே கேட்டார். கூட்டம் மூன்று மொழியிலும் ஒரே கேள்வியைக் கேட்டால் எந்தச் சாமிக்கும் மொழிபெயர்ப்பு கிடைக்காது. அவர் அவசரமாக எதையோ விழுங்கப் பார்த்தார். புரையேறியது. இருமலோடு வெற்றிலைச் சுருள் தரையில் வந்து விழுந்தது. சுருளுக்குள், இளம் வெற்றிலையில் பொட்டலம் கட்டி, இன்னும் மூன்று சதைத் துண்டுகள். அடுத்த மூன்று பக்தர்களின் வேர்.

ஆஞ்சப்பன் குனிந்தார். ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்தார். ஐம்பது வருடம் ஆடு வளர்த்த விரல். பக்தி பொய் சொல்லலாம். அந்த விரல் சொல்லாது.

"இது... ஆட்டு ஜவ்வுடா" என்றார். பிறகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், "மூணு தடவ என் கண்ணுல ஆடு மேஞ்சிருக்கு" என்றார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு கொட்டகையே சிரித்தது. வெள்ளைச்சாமியைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்கள். யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள்.

முனிவேல் மட்டும் சிரிக்கவில்லை. தன் பச்சைச் சீட்டைத் தட்டில் போட்டான். நேராக விஜயகுமாரிடம் போய் நின்றான்.

"சார், மூணு வாரம் லீவு."

"இங்கயா கேக்கறது? ஆபீசுக்கு வா, பாப்போம்."

"முன் டோக்கன் வாங்கிக் குடுத்தது இங்கதானே சார்?" என்றாள் ஜோதியம்மாள், தட்டிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்தபடி. "லீவையும் இங்கயே குடுங்க. கண்ணு மறைச்சவன் ஓட்டுற வண்டி நாளைக்கு யாரு மேல ஏறும்னு எனக்குத் தெரியாது. கண்ணு போறதுன்னா என்னான்னு மட்டும் தெரியும். வேணும்னா கையில குடுக்கறேன், பாக்கறீங்களா?"

அவள் உள்ளங்கையை நீட்டினாள். விஜயகுமார் ஓரடி பின்வாங்கினார்.

"சம்பளம் கெடையாது" என்றார்.

"கண்ணு கெடைக்கும்" என்றாள் மாதேஸ்வரி.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிப் படியேறினார்கள். கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். சதையை உரித்து எடுத்தார்கள். மறுபடி வளராதிருக்க, அவனுடைய மேல் இமைக்கு அடியிலிருந்தே மெல்லிய தோலை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. மந்திரம் எதுவும் கேட்கவில்லை.

"எடுத்ததக் காட்டுங்க மேடம்" என்றான் முனிவேல். இரண்டு முறை ஏமாந்தவன்.

டாக்டரம்மா காட்டினார். வெங்காயச் சருகு மாதிரி, ஊதினால் பறந்துவிடும். தட்டில் மிதந்த சிவப்புத் துண்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்தச் சருகு வளர்ந்துதான் ஒரு மனிதனின் உலகத்தை மூடப் பார்த்தது.

"இனிமே வராதுங்களே?"

"வரலாம். பெரும்பாலும் வராது. வெயில்ல கறுப்புக் கண்ணாடி போடணும், சொட்டு மருந்து விடணும், சொன்ன தேதிக்கு வரணும்."

வெள்ளைச்சாமி நூற்றுக்கு நூறு உறுதி கொடுத்தார். படித்தவர் 'வரலாம்' என்கிறார். உண்மைக்கு ஃபிளெக்ஸ் எழுதத் தெரியாது. அதனால்தான் அதன் வாசலில் டோக்கன் கொடுக்க வேண்டியிருப்பதில்லை.

முனிவேல் இப்போது கறுப்புக் கண்ணாடியோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நண்பர்கள் ஹீரோ என்று கிண்டல் செய்கிறார்கள். யார்டின் அந்தக் கோடி வரைக்கும் தெரிகிறது. வெள்ளைச்சாமி ஜாமீனில் வந்து எல்லை தாண்டிவிட்டதாகக் கேள்வி. எந்தப் பக்கத்து எல்லை என்பது எந்த மொழியில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தகரக் கொட்டகை நான்கு வாரம் பூட்டிக் கிடந்தது. போன மாதம் ஜோதியம்மாள் அந்த வழியாகப் போனபோது புது ஃபிளெக்ஸ் தொங்கியது. "முதுகு வலியா? ஊசி இல்லை! மாத்திரை இல்லை! லீவு இல்லை!" வாசலில் வரிசை. வரிசையில் மூன்றாவதாக, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு, ஆஞ்சப்பன்.

"பெரியப்பா! கண்ணு ஆபரேஷன் ஆச்சுங்களா?"

"ஆச்சும்மா, ஜோரா தெரியுது! டாக்டரம்மா நல்லா இருக்கணும்."

"அப்பறம் இங்க என்னா பண்றீங்க?"

"அது கண்ணும்மா. இது முதுகு. இவரு வேற சாமி."

ஜோதியம்மாள் கொட்டகையின் கோடியில் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டு, ஒரு சொம்பு கிடைக்குமா என்று பக்கத்து டீக்கடையில் கேட்கப் போனாள்.

ஒரு போலியைக் காட்ட அவளுக்கு ஒரு கண் கழன்று வர வேண்டியிருந்தது. இடுப்பு, முதுகு, வயிறு, நெஞ்சு என்று ஒவ்வொரு சாமிக்கும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்ட வேண்டுமென்றால் நம்மிடம் உறுப்புகள் போதாது. மூளை ஒன்றுதான் கழற்றாமலே வேலை செய்யும். நம்மில் பலரிடம் அது இன்னும் பிரிக்காத உறையிலேயே இருக்கிறது. தேய்ந்துவிடாது, எடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.